டைப்-சி வயர்கள் பார்க்க ஒன்றாக இருந்தும் ஏன் வேறு வேறாக நடந்துகொள்கின்றன?

கேள்வி இதுதான்: வீட்டில் மூன்று டைப்-சி வயர்கள் இருக்கின்றன, மூன்றும் பார்க்க ஒரே மாதிரி. ஒன்று லேப்டாப்பை நன்றாக சார்ஜ் செய்கிறது. ஆனால் அதில் வெளி எஸ்எஸ்டியை மாட்டினால் நத்தை வேகம், மானிட்டரை மாட்டினால் படமே வரவில்லை. ப்ளூடூத் ஸ்பீக்கரோ லேப்டாப் சார்ஜரில் போட்டால் சார்ஜ் ஏறவே இல்லை, பழைய போன் சார்ஜரில் ஏறுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வயர் என்றுதானே டைப்-சி வந்தது, பிறகு ஏன் இப்படி?

உங்கள் வயர்களில் எதுவும் பழுதாகியிருக்காது என்றே நினைக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. ஆனால் அந்தக் காரணங்கள் புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போய் வரவேண்டும், சுமார் அறுபது வருடம்.

ஒரு கருவியைக் கணினியோடு இணைக்கும்போது இரண்டு பக்கமும் சில விஷயங்களில் ஒத்துப்போயாக வேண்டும். எந்தப் பின்னில் எது வருகிறது, என்ன வேகம், எவ்வளவு மின்சாரம், யார் முதலில் பேசுவது என்பவை அவை. இந்தப் பேச்சுவார்த்தையை முதலில் மனிதர்கள் செய்தார்கள். அப்புறம் அதில் பாதியைப் பிளக்கின் வடிவம் ஏற்றுக்கொண்டது. இன்று முழுவதையும் உள்ளே இருக்கும் சிப்களும் மின்தடைகளும் தங்களுக்குள் பேசி முடித்துவிடுகின்றன. உங்கள் குழப்பம் இந்தக் கடைசி மாற்றத்தில்தான் பிறந்தது.

1960இல் அமெரிக்காவின் மின்னணுத் தொழில் சங்கம் ஆர்எஸ்-232 என்ற விதிமுறையை வெளியிட்டது. அன்றைக்குத் தனிநபர் கணினி என்று ஒன்று கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சுத் தந்தி எந்திரத்தையும், தொலைபேசிக் கம்பி வழியே தகவல் அனுப்பும் மோடத்தையும் இணைப்பதற்காக எழுதப்பட்ட விதி அது. ஒரே கம்பியில் ஒரு பிட்டுக்குப் பின் இன்னொரு பிட்டாக அனுப்பும் முறை என்பதால் சீரியல் போர்ட் என்று பெயர் நிலைத்தது. முதலில் 25 பின் கொண்ட அகலமான கனெக்டர். 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினி அதை 9 பின்னாகச் சுருக்கியது.

இதில் இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று எதுவும் கேட்டுக்கொள்ளாது. வேகம் 9600, எழுத்துக்கு 8 பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) இல்லை, எழுத்து முடிந்தது என்று காட்டும் நிறுத்த பிட் 1 என்று இரு பக்கமும் நாம்தான் உட்கார்ந்து அமைக்க வேண்டும். ஒரு பக்கம் 9600, மறுபக்கம் 4800 என்று இருந்தால் திரையில் குப்பை எழுத்தாகக் கொட்டும். வயரும் அப்படித்தான். கணினியை மோடத்தோடு இணைக்க நேர் வயர். இரண்டு கணினிகளை நேருக்கு நேர் இணைக்க 2ஆம் 3ஆம் பின்கள் மாற்றிப் போட்ட குறுக்கு வயர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கடைகளில் எலக்ட்ரானிக் தராசைக் கணினியோடு இணைத்துத் தரும் வேலையை நான் செய்த நாட்களில், பையில் சால்டரிங் அயனும் மல்டிமீட்டரும் இல்லாமல் கிளம்பியதே இல்லை. எந்தப் பின் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் வேலை ஓடும். ஆக, பார்க்க ஒரே மாதிரி இருந்து வேறு மாதிரி நடந்துகொள்ளும் வயர் டைப்-சி காலத்தில் புதிதாக வந்த நோய் என்று சொல்லிவிட முடியாது.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். 9600 பிட் வேகத்தில், தொடக்க பிட்டும் நிறுத்த பிட்டும் போக, நொடிக்கு 960 எழுத்துகள் போகும். ஒரு எம்பி கோப்பை அனுப்ப 18 நிமிடம் ஆகும். இன்று போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைவிடப் பெரியது. அப்படியிருந்தும் சீரியல் போர்ட் சாகவில்லை. நெட்வொர்க் ஸ்விட்சுகளின் கன்சோல், சிஎன்சி எந்திரங்கள், தராசுகள் எல்லாம் இன்னும் அதைப் பேசுகின்றன. மூன்று கம்பி இருந்தால் போதும், டிரைவர் என்ற தலைவலி கிடையாது. இந்த எளிமைக்காக அதன்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

பிரிண்டருக்கு அந்த வேகம் போதவில்லை. 1970இல் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் தன் 101ஆம் மாடல் பிரிண்டரோடு எட்டுக் கம்பிகளில் எட்டு பிட்டுகளையும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. பிரிண்டரின் பின்பக்கம் இருபுறமும் கம்பிக் கொக்கி வைத்த அந்த 36 பின் சாக்கெட்டைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் காரணமில்லை. சென்ட்ரானிக்ஸோடு நெருக்கமாக இருந்த வாங் நிறுவனத்திடம், கால்குலேட்டருக்காக வாங்கிய அந்தக் கனெக்டர்கள் ஏராளமாக மிச்சம் கிடந்தன. கையில் இருந்ததைப் பயன்படுத்தினார்கள். உலகம் முப்பது வருடம் அதையே பின்பற்றியது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி, கணினிப் பக்கத்துக்கு மட்டும் 25 துளை கனெக்டரை வைத்துக்கொண்டது.

எட்டுக் கம்பியில் அனுப்பினால் எட்டு மடங்கு வேகம் என்று தோன்றும். அப்படியென்றால் இன்று அதிவேகத்தில் ஓடும் யூஎஸ்பி, அதைப் போன்ற இன்னொரு இணைப்பு முறையான தண்டர்போல்ட் எல்லாம் ஏன் மறுபடி சீரியல் முறைக்கே திரும்பின? எட்டுப் பேரை ஒரே வரிசையில் ஓடவிட்டு, எட்டுப் பேரும் ஒரே நொடியில் கோட்டைத் தொடவேண்டும் என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். மெல்ல நடக்கும்போது வரிசை கலையாது. ஓட ஓட ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார். கம்பியிலும் அதுதான் நடக்கிறது. நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நானோ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் மின் அலை கேபிளில் ஏறக்குறைய 4 செ.மீ. தூரம்தான் போகும். எட்டுக் கம்பிகளில் ஒன்று 4 செ.மீ. நீளமாகிவிட்டால் அதன் பிட் அடுத்த பிட்டின் நேரத்தில் வந்து சேரும். பக்கத்துக் கம்பியின் இரைச்சல் வேறு உள்ளே புகும். அதனால் ஒன்றையொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளில் நேர் அலையையும் எதிர் அலையையும் அனுப்பி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிக்கும் முறை வென்றது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் விழுவதால், வித்தியாசம் எடுக்கும்போது அடிபட்டுப் போய்விடும். யூஎஸ்பியின் அடிப்படையே இந்த முறுக்கிய ஜோடிதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கணினியின் பின்பக்கம் எப்படி இருந்தது என்று பார்த்தால் யூஎஸ்பி ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் 1987இல் வந்த பிஎஸ்/2 என்ற வட்ட சாக்கெட்டுகள் இரண்டு. இரண்டும் ஒரே வடிவம், மாற்றிச் சொருகினால் வேலை செய்யாது. அதனால் பிற்பாடு ஒன்றுக்கு ஊதா, மற்றதற்குப் பச்சை என்று வண்ணம் கொடுத்தார்கள். கணினி ஓடும்போது பிடுங்கிச் சொருகினால் மதர்போர்டில் உள்ள ஃப்யூஸ் போகும் அபாயமும் இருந்தது. இவற்றோடு மோடத்துக்கு ஒரு சீரியல் போர்ட், பிரிண்டருக்கு ஒரு பேரலல் போர்ட், ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு 15 பின் போர்ட். ஸ்கேனர் வாங்கினால், கருவிகளை வரிசையாகக் கோக்கும் ஸ்கஸி என்ற இணைப்புக்கு ஒரு கார்டு தனியாக வாங்கி, ஒவ்வொரு கருவிக்கும் எண் கொடுத்து, வரிசையின் கடைசியில் டெர்மினேட்டர் என்ற முடிப்பானை மாட்ட வேண்டும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த தொல்லை. கண்ணுக்குத் தெரியாததும் ஒன்று இருந்தது. ஒவ்வொரு போர்ட்டும் பிராசஸரைக் கூப்பிடத் தனக்கென்று ஒரு ஐஆர்கியூ எண் வேண்டும். முதல் சீரியல் போர்ட்டுக்கு 4, இரண்டாவதுக்கு 3, பேரலல் போர்ட்டுக்கு 7. மூன்றாவது சீரியல் போர்ட் மறுபடி 4ஐயே பிடிக்கும். அதனால் முதல் போர்ட்டில் மவுஸும் மூன்றாவதில் மோடமும் இருந்தால், மோடம் டயல் செய்யத் தொடங்கியதும் மவுஸ் உறைந்து நிற்கும். கார்டைக் கழற்றி, அதிலுள்ள ஜம்பரை (இரண்டு பின்களை இணைக்கும் சின்னத் துண்டு) இடுக்கியால் பிடுங்கி வேறு இடத்தில் மாட்டுவோம். ஒரு பிரிண்டர் மாட்ட அரை நாள் என்பது அன்று சாதாரணம்.

1994இல் காம்பாக், டெக், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்ஈசி, நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து இதற்கு முடிவுகட்ட உட்கார்ந்தன. இன்டெல்லில் இந்த வேலைக்கு முன்னின்றவர் அஜய் பட். பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். வீட்டில் ஒரு பிரிண்டரை இணைக்கப் பட்ட பாடுதான் இந்த யோசனையைத் தூண்டியது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1996 ஜனவரியில் யூஎஸ்பி 1.0 வெளியானது. கீபோர்டு, மவுஸ் போன்றவற்றுக்கு நொடிக்கு 1.5 மெகாபிட், மற்றவற்றுக்கு 12 மெகாபிட். இந்தத் தொழில்நுட்பத்துக்கு இன்டெல் உரிமத்தொகை கேட்கவில்லை. அது பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. அதே காலத்தில் வந்த ஃபயர்வயர், 1995இல் ஐஇஇஇ 1394 என்று தரப்படுத்தப்பட்டு 400 மெகாபிட் வரை ஓடியது. வீடியோ கேமராக்காரர்களுக்கு அதுதான் உயிர். ஆனால் அதன் சிப் விலை கூடுதல், உரிமத்தொகைச் சிக்கல் வேறு. தரத்தில் உயர்ந்ததைவிட எல்லாராலும் மலிவாகச் செய்ய முடிந்தது ஜெயித்தது.

யூஎஸ்பியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதன் முதல் சில மில்லி நொடிகள். பிளக்கின் உள்ளே பார்த்தால் ஓரத்து இரண்டு தகடுகள் நடுவில் உள்ளவற்றைவிடச் சற்று நீளமாக இருக்கும். மின்சாரக் கம்பியும் தரையும் (கிரவுண்டு கம்பி) முதலில் தொட்டு, கருவி விழித்துக்கொண்ட பிறகே டேட்டா கம்பிகள் தொட வேண்டும் என்பதற்காக அப்படி. கருவிக்குள் 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்று ஏதாவது ஒரு டேட்டா கம்பியை மேலே இழுத்துப் பிடிக்கும். எந்தக் கம்பி என்பதை வைத்தே வந்திருப்பது குறைந்த வேகக் கருவியா, முழு வேகக் கருவியா என்று கணினி தெரிந்துகொள்ளும். பிறகு கணினி ‘நீ யார்?’ என்று கேட்கும். கருவி தன் நிறுவன எண், பொருள் எண், தான் எந்த வகை, எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லும். கணினி அதற்கு 1 முதல் 127 வரை ஒரு எண்ணைக் கொடுக்கும். அதுவரை 100 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம், அனுமதி கிடைத்தால் 500 வரை. பத்து வருடம் நாம் ஜம்பரும் இடுக்கியும் வைத்துச் செய்த பேச்சுவார்த்தை, நாம் நிமிர்ந்து உட்காருவதற்குள் முடிந்துவிடும்.

பிளக்கின் வடிவத்துக்கும் ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள். கணினிப் பக்கம் தட்டையான ஏ, பிரிண்டர் பக்கம் சதுரமான பி. இரண்டு கணினிகளை வயர் போட்டு இணைத்து இரண்டின் மின்சாரமும் மோதிவிடாமல் வடிவமே தடுத்துவிடும். ஏ பிளக்கை ஏன் இரு பக்கமும் சொருகும்படி செய்யவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். அதற்குக் கம்பிகளும் சுற்றுகளும் இரட்டிப்பாகும், விலை ஏறும், அன்று விலைதான் எல்லாம் என்று அஜய் பட் விளக்கியிருக்கிறார்.

தொடக்கம் சுமுகமாக இல்லை. 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98 இயங்கிய கணினியில் ஒரு யூஎஸ்பி ஸ்கேனரைச் சொருகினார்கள். அத்தனை பேர் முன்னால் கணினி முடங்கி, விண்டோஸின் நீலப் பிழைத் திரை வந்து நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த ஆப்பிளின் ஐமேக் கணினி, பழைய சீரியல், ஸ்கஸி போர்ட்டுகளையெல்லாம் தூக்கிவிட்டு யூஎஸ்பியை மட்டும் நம்பியது. கருவி செய்பவர்களுக்கு வேறு வழியில்லாமல் போனது. 2000 ஏப்ரலில் வந்த யூஎஸ்பி 2.0 வேகத்தை 480 மெகாபிட்டாக உயர்த்தியது. அதே ஆண்டு பென்டிரைவும் சந்தைக்கு வந்தது. 8 எம்பி கொள்ளளவு, ஆனால் ஃப்ளாப்பியைப்போல ஐந்து மடங்கு. அதன்பிறகு ஃப்ளாப்பியைத் தேடுவார் இல்லை.

2008இல் 3.0 வந்து 5 ஜிகாபிட் தந்தது. நீல நிற நாக்கு, உள்ளே கூடுதலாக ஐந்து பின். அதுவரை பெயர் ஒழுங்காகத்தான் இருந்தது. 2013இல் 10 ஜிகாபிட்டோடு 3.1 வந்தபோது, பழைய 3.0க்கு ‘3.1 ஜென் 1’ என்று பெயர் மாற்றினார்கள். 2017இல் 3.2 வந்தபோது அதே பழசுக்கு ‘3.2 ஜென் 1’ என்று மறுபடி பெயர் மாற்றினார்கள். ஒரே 5 ஜிகாபிட், மூன்று பெயர். பெட்டியில் 3.2 என்று பார்த்துப் புதுசு என்று நம்பி வாங்கியவர்களுக்கு இது செய்த அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. 2022இல்தான் எண்களை விட்டுவிட்டு 5, 10, 20, 40 ஜிகாபிட் என்று வேகத்தையே அச்சிடச் சொன்னார்கள். நீங்கள் வாங்கும்போது அந்த எண்ணை மட்டும் பாருங்கள்.

2014இல் டைப்-சி வந்தது. 24 பின், எப்படித் திருப்பினாலும் சொருகலாம், இரு முனையும் ஒன்றே. இங்கேதான் பழைய பாதுகாப்பு போனது. ஏ-யும் பி-யும் வடிவத்தால் செய்த வேலையை இனி யாராவது செய்ய வேண்டும். யார் மின்சாரம் தருபவர், யார் வாங்குபவர்? எந்தப் பக்கம் மேலே? இதற்காக சிசி என்ற இரண்டு பின்களை ஒதுக்கினார்கள். வாங்கும் கருவி அந்தப் பின்கள் ஒவ்வொன்றிலும் 5.1 கிலோ ஓம் மின்தடை வைத்திருக்க வேண்டும். டைப்-சி சார்ஜர் அந்த மின்தடையைக் கண்டால்தான் 5 வோல்ட்டையே திறக்கும். இல்லையென்றால் வெறும் வயராகத் தொங்கும். மின்சாரம் திறந்தபின் அதே கம்பியில் சார்ஜர் ‘5, 9, 15, 20 வோல்ட் தரமுடியும்’ என்று பட்டியல் சொல்லும், லேப்டாப் வேண்டியதைக் கேட்டு வாங்கும். 2021 முதல் இது 48 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 240 வாட் வரை போகலாம். 3 ஆம்பியருக்கு மேல் போக வேண்டுமென்றால் வயருக்குள்ளேயே இ-மார்க்கர் என்ற சிப் இருந்து ‘நான் தாங்குவேன்’ என்று சொல்ல வேண்டும்.

ஒரு மின்தடையில் பிழை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னஞ்சிறு கணினி. இரண்டு சிசி பின்களுக்கும் சேர்த்து ஒரே மின்தடையை வைத்துவிட்டார்கள். சாதாரண வயரில் ஓடியது. சிப் வைத்த நல்ல வயரைப் போட்டால், ஏதோ ஹெட்செட் மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து சார்ஜர் மின்சாரம் தர மறுத்தது. இன்னும் மோசமான கதையும் உண்டு. 2015இல் கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் தானே டைப்-சி வயர்களை வாங்கிச் சோதித்து எழுதிவந்தார். ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் வயரில் 56 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டிய இடத்தில் பல வயர்களில் 10 கிலோ ஓம் இருந்தது. அதைப் பார்க்கும் போனோ லேப்டாப்போ ‘3 ஆம்பியர் எடுக்கலாம்’ என்று நினைத்து இழுக்கும். எதிரே அவ்வளவு தாங்காத பழைய போர்ட் இருந்தால் அது வேகும். அடுத்த வருடம் மின்சாரமும் தரையும் மாற்றி இணைக்கப்பட்ட ஒரு வயர் அவருடைய லேப்டாப்பையே தீர்த்துவிட்டது. அவரைப் போன்றவர்கள் போட்ட சத்தத்தால்தான் இன்று கடைகளில் ஓரளவு நம்பி வாங்க முடிகிறது.

இந்த வடிவத்துக்குள் மற்றவையும் வந்து குடியேறின. 2011இல் வேறு சாக்கெட்டோடு பிறந்த தண்டர்போல்ட், 2015இல் மூன்றாம் பதிப்பில் டைப்-சிக்கு மாறியது. 2019இல் அதையே அடிப்படையாக வைத்து யூஎஸ்பி4 வந்தது. 2024 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களுக்கு டைப்-சி கட்டாயம். அதற்கு முந்தைய வருடமே ஐபோன் 15 மாறிவிட்டது. அந்த ஐபோனிலேயே பாருங்கள்: சாதாரண மாடலில் டைப்-சி வழியாக 480 மெகாபிட், புரோ மாடலில் 10 ஜிகாபிட். துளை ஒன்றே.

சரி, உங்கள் மூன்று தொல்லைகளுக்கு வருகிறேன்.

லேப்டாப்போடு வரும் சார்ஜிங் வயர்களில் பல, யூஎஸ்பி 2.0க்கான ஒரு ஜோடி டேட்டா கம்பி மட்டும் வைத்தவை. விதி அதை அனுமதிக்கிறது. 100 வாட் தாங்கும், ஆனால் டேட்டா 2000ஆம் ஆண்டு வேகம்தான். ஒரு பெரிய கோப்பை எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துப் பாருங்கள். நொடிக்கு 40 எம்பி பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றால் காரணம் இதுதான்.

மானிட்டருக்குப் படம் போக அதிவேக ஜோடிகள் நான்கும் உள்ள முழு வயர் வேண்டும். வயர் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் லேப்டாப்பின் போர்ட்டைப் பாருங்கள். பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் (மானிட்டருக்குப் படம் அனுப்பும் முறை) சின்னமோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் பெரும்பாலும் படம் தரும். குறி இல்லாத போர்ட்டுகளில் சில தரும், சில தராது, மாடலின் விவரப் பக்கத்தில்தான் தெரியும். 40 ஜிகாபிட் வேண்டுமென்றால், சிக்னலைத் தூக்கிக் கொடுக்கும் சிப் இல்லாத வயர் சுமார் 80 செ.மீ. நீளத்துக்குள் இருக்க வேண்டும். மலிவாக, மெல்லிசாக, இரண்டு மீட்டர் நீளத்தில் 40 ஜிகாபிட் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ஸ்பீக்கரில் அந்த 5.1 கிலோ ஓம் மின்தடைகளை வைக்காமல் விட்டிருப்பார்கள். இரண்டு மின்தடைகள், சில பைசா மிச்சம். லேப்டாப் சார்ஜர் அவற்றைத் தேடும், காணாது, வாயைத் திறக்காது. பழைய போன் சார்ஜரில் இருப்பது ஏ போர்ட். அது யாரையும் கேட்காமல் எப்போதும் 5 வோல்ட் வைத்திருக்கும், அதனால் ஏறுகிறது. ஸ்பீக்கரைக் கழற்ற வேண்டாம், அதற்கென்று ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் ஒரு வயரையும் பழைய சார்ஜரையும் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

மூன்று வயர்களையும் ஒரு மாலை உட்கார்ந்து சோதித்துப் பாருங்கள்: கோப்பு நகல் வேகம், மானிட்டர், லேப்டாப் சார்ஜ். தெரிந்ததை ஒரு துண்டு வெள்ளை டேப்பில் ‘சார்ஜ் மட்டும்’, ‘10 ஜிகாபிட், படம் வரும்’ என்று பேனாவால் எழுதி வயரின் கழுத்தில் சுற்றிவிடுங்கள். சீரியல் வயர் காலத்தில் நாங்களும் ‘நேர்’, ‘குறுக்கு’ என்று இப்படித்தான் எழுதி ஒட்டி வைத்திருந்தோம்.